தொண்டையைக் கெடுக்காமல் கரகரப்பாகப் பாடுவது எப்படி: ராக், கிறிஸ்தவப் பாடல்கள் பாடும் ஆண்களுக்கு

ராக் இசையில் கரகரத்த ஆண் குரல் என்றால் ஜோ காக்கர், பிரையன் ஆடம்ஸ், ஏசி/டிசியின் பிரையன் ஜான்சன் என்று பட்டியல் நீளும். கிறிஸ்தவ இசையில் பெட்ராவின் ஜான் ஷ்லிட், தேர்ட் டேயின் மேக் பவல், ஸ்கில்லெட்டின் ஜான் கூப்பர், ஸாக் வில்லியம்ஸ், பிராண்டன் லேக். இவர்களைக் கேட்டுப் பழகிய ஒருவர் ஆராதனைக் குழுவில் மைக் பிடித்ததும் முதலில் செய்வது, தொண்டையை இறுக்கிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்துவது. ஞாயிறு காலை அது எப்படியோ ஓடிவிடும். திங்கட்கிழமை பேச்சே எழும்பாது. ஆறு மாதம் இப்படியே போனால் மேல் ஸ்தாயியில் இரண்டு மூன்று சுரங்கள் காணாமல் போயிருக்கும். மெதுவாகப் பாட முயன்றால் வெறும் காற்றுதான் வரும்.

நல்ல கரகரப்பு என்பது சுத்தமான சுரத்தின் மேல் ஏறி உட்காரும் சத்தம். சுரத்தைச் சிதைத்து உண்டாக்குவது கரகரப்பே அல்ல, அது காயம். கீழே சொல்லும் பயிற்சி எல்லாமே இந்த ஒன்றைக் காப்பாற்றத்தான்.

சத்தம் எங்கே பிறக்கிறது

குரல்வளைக்குள் இரண்டு ஜோடி மடிப்புகள் உண்டு. கீழே இருப்பவை குரல்நாண்கள். சுரத்தை உண்டாக்குபவை இவைதான். அவற்றுக்குச் சற்று மேலே, சதைப்பற்றான இன்னொரு ஜோடி இருக்கிறது. அவற்றைப் பொய்க் குரல்நாண்கள் என்பார்கள். சாதாரணமாகப் பாடும்போது அவை ஒதுங்கி நிற்கும். இருமும்போதும், மூட்டை தூக்கி முக்கும்போதும், விழுங்கும்போதும் நெருங்கி வரும்.

பயிற்சி பெற்ற பாடகர் கரகரப்பைச் சேர்க்கும்போது குரல்நாண்கள் தம் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டே இருக்கும். மேலே உள்ள பொய்க் குரல்நாண்கள் லேசாக நெருங்கி, மேலே வரும் காற்றில் ஒழுங்கில்லாமல் அதிரும். ஜாஸ் பாடகர் லூயி ஆம்ஸ்ட்ராங் பாணி உறுமல் இன்னும் மேலே, குரல்வளை மூடியின் பக்கத்துத் திசுக்களில் பிறக்கிறது. மூன்றாவது வகை, குரல்நாண்களே தளர்ந்து ‘கிர்ர்’ என்று ஒலிப்பது; காலையில் எழுந்ததும் பேசும் முதல் வார்த்தையில் கேட்குமே, அதுதான். இது குறைந்த காற்றில், மெல்லிய குரலில், வாக்கியத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் ஒத்துவரும். சத்தமாகப் பாடும் இடத்தில் இதை இழுத்தால் குரல்நாண்கள் அடிபடும்.

அடிபடுவதன் அளவைக் கணக்காகப் பார்க்கலாம். 440 ஹெர்ட்ஸ் சுரத்தைப் பிடிக்கும்போது குரல்நாண்கள் நொடிக்கு 440 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு நிமிடத்துக்கு 26,400 மோதல். அவை மென்மையாக மோதினால் ஒன்றும் ஆகாது. நெரித்துக்கொண்டு, அதிகக் காற்றழுத்தத்தோடு மோதினால் முதலில் வீங்கும், பிறகு காய்ப்பு விழும், சில சமயம் உள்ளே இரத்தக் கசிவும் ஏற்படும். வீங்கிய குரல்நாணும் கரகரப்பாகத்தான் ஒலிக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். ஜலதோஷத்தின் மூன்றாம் நாள் குரல் ‘அருமையாக’ இருக்கிறது என்று கனமான பாட்டை எடுத்துப் பாடுவார்கள். அந்த நாளில்தான் ஆபத்து அதிகம்.

முதலில் காதைப் பழக்குங்கள்

எல்லாக் கரகரப்பும் ஒன்றல்ல. மேக் பவலின் குரல் கனமான தாழ்ந்த குரல். அவர் கத்துவதே இல்லை என்று தோன்றும், கரகரப்பு குரலின் இயல்பிலேயே ஊறியிருக்கும். ஜான் ஷ்லிட் 1986-ல் பெட்ராவில் சேர்ந்தவர். குரல் உயரத்தில் நின்று கூர்மையாக வெட்டும். சவுண்ட்கார்டன் என்ற ராக் குழுவின் கிறிஸ் கார்னெல் சரணத்தைத் தெளிவாகப் பாடிவிட்டு உச்சத்தில் மட்டும் கிழிப்பார். பிராண்டன் லேக் தாழ்ந்த உறுமலில் தொடங்கி ஒரே வரியில் மேலே போய்க் கரகரக்கிறார். உங்களுக்குப் பிடித்த பாடகரின் ஒரு பாட்டை எடுத்து, பாட்டு வரிகளை எழுதி, கரகரப்பு கேட்கும் எழுத்துகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். முழுப்பாட்டும் கரகரப்பு என்று நினைத்திருப்பீர்கள். பெரும்பாலும் வரிக்கு ஒரு சொல்தான் சிக்கும், அதிலும் பாதி எழுத்து சுத்தமாக இருக்கும்.

இந்தக் குரலை உலகப் பாட்டின் குரல் என்று சபையில் சிலர் ஒதுக்குவதுண்டு. வரலாறு அதற்கு நேர்மாறானது. டெக்ஸாஸ் தெருமுனைகளில் நின்று கிறிஸ்தவப் பாடல் பாடிய பார்வையற்ற பாடகர் பிளைண்ட் வில்லி ஜான்சன், 1927 முதல் 1930 வரை கொலம்பியா நிறுவனத்துக்காகப் பாடிப் பதிந்த இசைத்தட்டுகளில் அடித்தொண்டை உறுமல் முழுமையாக இருக்கிறது. 1977-ல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்கத் தட்டிலும் அவர் பதிவு ஒன்று உண்டு. ஆனால் அதில் அவர் சொற்கள் இல்லாமல் முனகுவதுதான் கேட்கும், உறுமலைக் கேட்க மற்றப் பதிவுகளுக்குப் போக வேண்டும். மிசிசிப்பியின் ஃபைவ் பிளைண்ட் பாய்ஸ் குழுவின் ஆர்ச்சி பிரவுன்லீ, சென்சேஷனல் நைட்டிங்கேல்ஸ் குழுவின் ஜூலியஸ் சீக்ஸ் ஆகியோர் கறுப்பின மக்களின் சபைகளில் கிழித்துப் பாடியவர்கள். பிரவுன்லீயிடமிருந்து அது சபைக்கு வெளியே பாடிய ரே சார்ல்ஸுக்கு வந்தது, சீக்ஸிடமிருந்து வில்சன் பிக்கெட்டுக்கு. ரே சார்ல்ஸைக் கேட்டு வளர்ந்தவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஜோ காக்கர். சபையிலிருந்து ராக் மேடைக்குப் போன குரல் இது. சிகாகோவின் கிறிஸ்தவ ராக் குழுவான ரெசரெக்‌ஷன் பேண்டில் கிளென் கைசர் அதைப் பாடியபோது வீட்டுக்குத் திரும்பி வந்தது என்றே சொல்ல வேண்டும். இந்தப் பழைய பதிவுகளைக் கேட்காமல் இன்றைய பாடகர்களை மட்டும் நகலெடுப்பவர்களுக்குக் கரகரப்பு எதற்காக வருகிறது என்பது பிடிபடுவதில்லை. அங்கே அது ஒரு சொல்லின் கனத்தால் வருகிறது.

கரகரப்புக்கு முன் சுத்தமான குரல்

ஒரு சோதனை. பியானோவின் நடுவில் இருக்கும் ‘நடு சி’ (262 ஹெர்ட்ஸ்) சுரத்தை ‘ஆ’ என்று சாதாரணப் பேச்சின் அளவில் பத்து நொடி, ஆட்டம் இல்லாமல், காற்றுக் கசியாமல் பிடியுங்கள். பிறகு அதையே மெதுவாகத் தொடங்கிச் சத்தமாக்கி மறுபடி மெதுவாக்குங்கள். சுருதி ஏறக்கூடாது, இறங்கக்கூடாது. இது வராவிட்டால் கரகரப்பு இன்னும் உங்களுக்கு இல்லை. ஒரு மாதம் சுத்தமான குரலில் பாடுங்கள். குரல் உடைந்துகொண்டிருக்கும் பதின்வயதுப் பையன்களும் காத்திருக்க வேண்டும்.

பாடுவதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் குரலைச் சூடாக்க வேண்டும். உதடுகளை ‘ப்ர்ர்ர்’ என்று அதிரவிட்டபடி கீழிருந்து மேலும் மேலிருந்து கீழும் வழுக்கிச் செல்லுங்கள், மூன்று நிமிடம். அடுத்து, குளிர்பானம் குடிக்கும் உறிஞ்சுகுழாய் ஒன்றை எடுத்து, ஒரு தம்ளர் நீரில் இரண்டு மூன்று செ.மீ. ஆழத்துக்கு விட்டு, குழாய் வழியாக ‘ஊ’ என்று குரல் கொடுங்கள். நீர் ஒரே சீராகக் குமிழ வேண்டும். அமெரிக்கக் குரல் அறிவியலாளர் இங்கோ டிட்சே உறிஞ்சுகுழாய்ப் பயிற்சியைப் பரவலாக்கினார். வாய்ப்பக்கம் குறுகும்போது அங்கே எதிர் அழுத்தம் உண்டாகி, குரல்நாண்கள் கடுமையாக மோதாமல் அதிரும். கரகரப்பாகப் பாடி முடித்த பிறகும் இதையே ஐந்து நிமிடம் செய்யுங்கள். சூடாக்குவதை எல்லோரும் செய்கிறார்கள். ஆற்றுவதை யாரும் செய்வதில்லை.

மூச்சைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு: நெஞ்சு நிறைய இழுத்தால் நல்லது என்பது. முழுக்க நிரப்பினால் காற்று வெளியே வரத் துடிக்கும், அதை அடக்கத் தொண்டை இறுகும். முக்கால் பங்கு போதும். விலா எலும்புகள் பக்கவாட்டில் விரிந்தபடியே இருக்க, ‘ஸ்ஸ்’ என்று இருபது நொடி ஒரே அளவில் விடப் பழகுங்கள். கரகரப்புக்கு அதிகக் காற்று வேண்டும் என்று தோன்றும். உண்மையில் அதே சுரத்தைச் சுத்தமாகப் பாடும்போது விடும் காற்றை விடச் சற்றுக் குறைவாகவே விடுவதாக நினைத்துப் பாடினால்தான் அது நிலைக்கும்.

கரகரப்பைக் கண்டுபிடித்தல்

தனி அறை, கண்ணாடி, தொலைபேசியில் சுருதியைக் காட்டும் ஒரு டியூனர் செயலி. இவ்வளவுதான் தேவை.

முதலில் குரலே இல்லாமல். கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் ‘ஹா’ என்று காற்று விடுங்கள். காற்று போய்க்கொண்டிருக்கும்போதே, ஒரு கனமான நாற்காலியைத் தூக்கப் போகிறவர்போல் தொண்டைக்குள் மிக லேசாக முக்குங்கள். காற்றின் சத்தம் சொரசொரப்பாக மாறும். அதுதான் பொய்க் குரல்நாண்கள் நெருங்கும் இடம். தொண்டையை முழுக்க அடைத்துவிட்டால் காற்றே நின்றுவிடும், அது அதிகம். பாதி வழியில் நிறுத்தப் பழக வேண்டும். கனைப்பதை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், கனைப்பு குரல்நாண்களை உரசுகிறது.

இரண்டு மூன்று நாளில் அந்தச் சொரசொரப்பு நினைத்தபோது வரும். அப்போது குரலைச் சேருங்கள். நடு சிக்குக் கீழே உள்ள ஏ (220 ஹெர்ட்ஸ்) அல்லது பி (247 ஹெர்ட்ஸ்) சுரம், ‘ஏ’ என்னும் உயிரெழுத்து, பக்கத்தில் இருப்பவரோடு பேசும் அளவு சத்தம். ஒரே மூச்சில் இரண்டு நொடி சுத்தம், இரண்டு நொடி கரகரப்பு, மறுபடி இரண்டு நொடி சுத்தம். ஐந்து முறை செய்துவிட்டு ஒரு நிமிடம் ஓய்வு. இப்படி மூன்று சுற்று. முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு நாளைக்கு இது மட்டும் போதும். நன்றாக வருகிறது என்று நீட்டாதீர்கள்.

இந்தப் பயிற்சியில் மூன்றாவது பகுதிதான் உரைகல். கரகரப்பிலிருந்து திரும்பும்போது சுரம் உடனே, அதே சுருதியில், பிசிறில்லாமல் வருகிறதா? வந்தால் குரல்நாண்கள் சிக்கலில்லாமல் இருக்கின்றன, சத்தம் மேலிருந்து வருகிறது. குரல் தடுமாறினாலோ, காற்றாக வந்தாலோ, அரை நொடி காணாமல் போனாலோ, நீங்கள் குரல்நாண்களையே உரசிக்கொண்டிருக்கிறீர்கள். நிறுத்தி, உறிஞ்சுகுழாய்க்குத் திரும்புங்கள்.

டியூனரைப் பாருங்கள். கரகரப்பு சேரும்போது முள் மேலே போனால் காற்றைத் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். கீழே சரிந்தால் நாக்கின் அடிப்பாகமோ தாடையோ குரல்வளையை அழுத்துகிறது. கட்டைவிரலைத் தாடைக்கு அடியில் வைத்துப் பாருங்கள், அந்த இடம் கல்லாகியிருக்கும். அது மெத்தென்று இருக்கும்வரை தாடையைத் தளர்த்துங்கள். செயலி சில சமயம் சரியாக ஒரு ஸ்தாயி கீழே காட்டும். பயப்பட வேண்டாம். பொய்க் குரல்நாண்கள் பாதி வேகத்தில் அதிரும்போது கருவிக்கு அப்படித் தோன்றும், அது நல்ல அடையாளம். கண்ணாடியில் கழுத்து நரம்பு புடைத்துத் தெரிந்தால் மட்டும் அது நல்லதல்ல.

மூன்று நாள் தொடர்ந்து சுத்தமாகத் திரும்ப முடிந்தால் அரைச் சுரம் மேலே போங்கள். முதல் மாதத்துக்கு ஈ, எஃப் (330, 349 ஹெர்ட்ஸ்) வரை போதும். பெரும்பாலான ஆண்களுக்கு அந்த இடத்தில்தான் நெஞ்சுக் குரல், அதாவது பேச்சில் வரும் குரல், கனத்து, உடையத் தொடங்கும். அதற்கு மேலே கரகரப்பு வேண்டுமானால் குரல் மெலிந்து கூர்மையாக வேண்டும். ‘ஞே ஞே ஞே’ என்று, அடம்பிடிக்கும் குழந்தையின் குரலில் பாடிப் பாருங்கள். கூர்மை தானாக வரும். ‘ஞ்’ முடிந்து ‘ஏ’ ஒலிக்கும்போது மூக்கைப் பிடித்துப் பாருங்கள், ஒலி மாறக்கூடாது. மாறினால் அது மூக்கால் பாடுவது, வேறு விஷயம். பிரையன் ஜான்சனைப் போன்ற குரல்கள் அந்த உயரத்தில் அவ்வளவு கூர்மையாகக் கேட்பதைக் கவனியுங்கள். கனத்தை அப்படியே மேலே தூக்கிக்கொண்டு போகிறவர்கள்தான் சீக்கிரம் விழுகிறார்கள்.

சத்தமாகப் பாடினால் மட்டுமே கரகரப்பு வருகிறது என்றால் நீங்கள் இன்னும் தயாராகவில்லை. மெதுவாகப் பாடும்போதே வரவேண்டும். மேடையில் பலமாகக் கேட்கச் செய்வது மைக்கின் வேலை.

தமிழ்ச் சொற்களில் கவனிக்க வேண்டியவை

ஆங்கிலப் பாட்டில் கற்ற உத்தியை அப்படியே தமிழ்ப் பாட்டுக்குக் கொண்டுவந்தால் ஓரிடத்தில் இடிக்கும். நம் ஆராதனைப் பாடல்களில் உயிரெழுத்தில் தொடங்கும் சொற்கள் ஏராளம்: ஆண்டவர், உம்மை, என், ஆராதனை, அல்லேலூயா. உணர்ச்சியோடு இவற்றைப் பாடும்போது குரல்நாண்கள் இறுக மூடிக்கொண்டு, வெடித்துத் திறக்கும். அந்த வெடிப்பின் மேல் கரகரப்பையும் சேர்த்தால் ஒரே பாட்டில் நூறு அடி. முந்தைய சொல்லின் கடைசி மெய்யோடு சேர்த்துப் பாடுங்கள். ‘நான் உம்மை’ என்பதை ‘நானும்மை’ என்று பிணைக்கலாம். வரியின் முதல் சொல்லாக இருந்தால், கேட்காத அளவுக்கு ஒரு ‘ஹ்’ முன்னால் விட்டுத் தொடங்குங்கள். சொல்லின் தொடக்கம் சுத்தமாக இருக்கட்டும், கரகரப்பு பாதிக்கு மேல் வரட்டும்.

கரகரப்புக்குத் தமிழ் தரும் நல்ல இடம் விளி. தேவனே, ராஜாவே, இயேசுவே என்று நீளும் ‘ஏ’ ஒலி, குரல்வளை மேலே ஏறிக் குறுகுவதற்கு ஏற்றது. ‘ஆ’ அகன்ற ஒலி, உயரத்தில் அதை ‘அ’வுக்கும் ‘எ’வுக்கும் நடுவில் வைத்துப் பாடினால் தாங்கும். ‘ஈ’யைக் கொஞ்சம் ‘எ’ பக்கம் சாய்க்கலாம். ‘ஊ’வில் உயரத்தில் கரகரப்பு வைக்காதீர்கள், அது அடைத்துக்கொள்ளும், ‘ஓ’ பக்கம் திறக்க முடிந்தால் பாருங்கள், இல்லையென்றால் சுத்தமாகவே பாடிவிடுங்கள். குறில் எழுத்துகளில் கரகரப்பை வைத்துப் பயனில்லை. பிறப்பதற்குள் எழுத்து முடிந்துவிடும்.

பாட்டில் எங்கே வைப்பது

குழம்பில் மிளகாய்போல இது அளவு தப்பினால் வேறு எதுவும் நாக்கில் நிற்காது. நான்கு நிமிடப் பாட்டுக்கு எட்டிலிருந்து பத்துச் சொல் போதும். முதல் சரணம் முழுக்கச் சுத்தம். பல்லவியின் கடைசி வரியில் ஒரு சொல். இரண்டாம் சரணத்தில் வேண்டுமானால் வரித் தொடக்கத்தில் அந்த மெல்லிய ‘கிர்ர்’. பாட்டின் பிற்பாதியில், சரணமும் பல்லவியும் அல்லாத பிரிட்ஜ் பகுதி திரும்பத் திரும்ப வரும். மூன்றாவது முறையில்தான் முழுக் கரகரப்பும். எந்தச் சொல் என்பதைப் பாட்டின் பொருள் சொல்லும். கதறல், அறிக்கை, வெற்றி, இவற்றைச் சுமக்கும் சொல்லைத் தேடுங்கள். வெறும் இணைப்புச் சொல்லில் கரகரத்தால் கேட்பவருக்கு அது வித்தையாகத்தான் படும்.

சுருதியைத் தேர்வு செய்வதில் ஒரு சண்டை எப்போதும் உண்டு. கரகரக்கும் ஆண் குரல் உயரத்தில்தான் மின்னும், அதனால் பாடகர் ஸ்கேலை ஏற்றச் சொல்வார். சபையோ பாட வேண்டும். சாதாரண ஆண்கள் வசதியாகத் தொடும் உச்சம் நடு சிக்கு மேலே உள்ள டி, மிஞ்சினால் ஈ. பாட்டின் உச்சத்தை அங்கே வைத்துவிட்டு, முதல் பாதியைக் கீழ் ஸ்தாயியில் பாடி, கடைசிப் பல்லவியில் மட்டும் நீங்கள் ஒரு ஸ்தாயி மேலே தாவுங்கள். சபை தன் இடத்திலேயே பாடிக்கொண்டிருக்கும். இன்றைய ஆராதனைப் பாடல்கள் பல இப்படித்தான் அமைந்திருக்கின்றன.

ஐந்தாறு பாடல்கள் கொண்ட ஆராதனையில் கனமான பாட்டை முதலில் வைக்காதீர்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது நல்ல இடம். அடுத்தது மெதுவான பாட்டு. சனிக்கிழமை ஒத்திகையில் முழுக் குரலில் கரகரக்கத் தேவையே இல்லை. உயரமான வரிகளைக் கீழ் ஸ்தாயியில் அரைக் குரலில் பாடி இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒத்திகையில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ஞாயிறன்று வெறும் தொண்டையோடு நிற்பவர்கள் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள். முழு இரவு ஜெபத்தில் உரத்துக் கதறி ஜெபித்த மறுநாள் பாடுகிறவர்களுக்கும் இதே நிலைமைதான். ஜெபத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. அந்த வாரம் சுத்தமான குரலில் பாடுங்கள்.

மைக்கும் மானிட்டரும்

ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் போதும். வாயிலிருந்து இரண்டு முதல் ஐந்து செ.மீ. தூரத்தில், நேராக. தலைக் கம்பிவலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்காதீர்கள். பொத்தினால் மைக் எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் வாங்கும், ஃபீட்பேக் கத்தும், குரல் பெட்டிக்குள்ளிருந்து கேட்கும்.

மிக்ஸரில் இருப்பவரிடம் சொல்ல வேண்டியது: 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். 250 முதல் 400 வரை இரண்டு மூன்று டெசிபல் குறைத்தால் மந்தம் போகும். கரகரப்பு தெளிவாகக் கேட்பது சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். அங்கே ஏற்கெனவே குரல் நிறைந்திருப்பதால் ஏற்ற வேண்டாம், காதைக் குத்தினால் 3,000 பக்கம் சிறிது குறைக்கலாம். உரத்த சத்தத்தை அடக்கும் கம்ப்ரஸர் 3:1 அல்லது 4:1, அட்டாக் (அது அடக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 10 முதல் 30 மில்லி நொடி, அதிகபட்சம் ஆறு டெசிபல் குறைப்பு. அட்டாக்கை மிக வேகமாக வைத்தால் சொல்லின் முன் விளிம்பு மழுங்கிப் போகும். பதிவுக் கூடத்தில் பாடுவதென்றால் ஒரே வரியை இரண்டு முறை பதியுங்கள், ஒன்று சுத்தம், ஒன்று கரகரப்பு. இரண்டாவதை ஆறு டெசிபல் குறைத்துக் கீழே வைத்தால் குரல் தடித்துக் கேட்கும். ஒலியைச் சற்றுச் சொரசொரப்பாக்கும் மென்பொருளின் சாச்சுரேஷனைக் கொஞ்சம் கலப்பதிலும் தப்பில்லை, இருபது டேக் கிழிப்பதை விட அது நல்லது.

தன் குரல் தனக்குக் கேட்காதபோது மனிதன் தன்னையறியாமல் சத்தத்தைக் கூட்டுவான். பிரெஞ்சு மருத்துவர் எட்டியன் லொம்பார்ட் 1911-ல் விவரித்த இந்த இயல்புக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆராதனை மேடையில் குரல் கெடுவதற்குப் பெரிய காரணம் டிரம்ஸுக்குப் பக்கத்தில், செத்துப்போன மானிட்டர் (பாடகருக்கு அவர் குரலையே கேட்கவைக்கும் ஒலிபெருக்கி) முன்னால் நிற்பதுதான். மானிட்டரில் உங்கள் குரல் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே கேட்கட்டும். மேடையின் மொத்தச் சத்தத்தையும் குறைக்கச் சொல்லுங்கள், காதும் உங்களுடையதுதான். 2016-ல் பிரையன் ஜான்சன் சுற்றுப்பயணத்தின் நடுவில் விலக நேர்ந்தது குரலால் அல்ல, செவித்திறன் போகும் என்று மருத்துவர்கள் எச்சரித்ததால்.

குரல் கெடும்போது

தினமும் காலையில் ஒரு நிமிடச் சோதனை. பிறந்தநாள் வாழ்த்துப் பாட்டின் முதல் வரியை, கள்ளக் குரலில் (நெஞ்சுக் கனம் இல்லாத மெல்லிய உயர் குரலில்), எவ்வளவு உயரத்தில் முடியுமோ அவ்வளவு உயரத்தில், எவ்வளவு சத்தம் குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துப் பாடுங்கள். குரல்நாணில் சிறு வீக்கம் இருந்தாலும் அங்கே குரல் தாமதமாகப் பிறக்கும், அல்லது காற்றாகக் கசியும். சத்தமாகப் பாடினால் இது தெரியாது, காற்றின் வேகம் வீக்கத்தை மறைத்துவிடும். நேற்று வந்த சுரம் இன்று வரவில்லையென்றால் அன்று கரகரப்பு இல்லை. இரண்டு நாளாகியும் வரவில்லையென்றால் பாட்டே இல்லை.

பாடும்போது கரகரப்பு தொண்டையைச் சுரண்டினால், இருமல் வரச் செய்தால், வலித்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். சரியான கரகரப்பு பாடுகிறவருக்கு வலிப்பதில்லை. ஒரு அதிர்வு மட்டும் தெரியும். மென்தால் மிட்டாய் போட்டுக்கொண்டு பாடுவது வலியை மறைப்பதால் தீமை. ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் இரத்தம் கசிய ஏதுவாக்குபவை, கனமாகப் பாடும் நாளில் அவற்றை விழுங்கிவிட்டு மேடையேறாதீர்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. பாடுவதை அவரிடம் சொல்லிக் கேளுங்கள்.

மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை எல்லாம் தொண்டைக்கு இதமே. ஆனால் விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை, அது உணவுக்குழாய் வழியே போய்விடும். நேராகப் போய்ச் சேர்வது நீராவி. தைலம் எதுவும் போடாமல், வெறும் வெந்நீரில் பத்து நிமிடம் ஆவி பிடியுங்கள். நீரைப் பாடுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் குடித்துப் பயனில்லை, முந்தைய நாளிலிருந்தே குடித்திருக்க வேண்டும். இரவு பத்து மணிக்குப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலேறி, காலையில் குரல்நாண் சிவந்திருக்கும். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடியுங்கள். புகையும் சாராயமும் குரலைச் ‘செதுக்கும்’ என்ற பேச்சை நம்பி நாசமானவர்கள் உண்டு. அது செதுக்கல் இல்லை, வீக்கம்.

பெரிய பாடகர்களும் இதற்கு விலக்கல்ல. ஜான் பான் ஜோவி 2022-ல் குரல்நாண் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஏரோஸ்மித்தின் ஸ்டீவன் டைலருக்கு 2023 செப்டம்பரில் குரல்வளையில் காயம் ஏற்பட்டது. 2024 ஆகஸ்டில் அந்தக் குழு சுற்றுப்பயணத்தையே நிரந்தரமாக விட்டது.

பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் திடீரென்று போய்விட்டால் குரல்நாணில் இரத்தம் கசிந்திருக்கக் கூடும். அந்தப் பாட்டை முடிக்க முயலாதீர்கள். முழு மௌனம், கிசுகிசுப்பதும் கூடாது. அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். படிப்படியாக வந்த கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலும் போக வேண்டும். போகும்போது நீங்கள் பாடகர் என்று முதலிலேயே சொல்லுங்கள், குரல் நன்றாக இருந்த நாளின் பதிவு ஒன்றையும் இப்போதைய பதிவு ஒன்றையும் தொலைபேசியில் வைத்திருங்கள், ஸ்ட்ரோபோஸ்கோப்பி வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரண விளக்கில் பார்த்தால் அதிரும் குரல்நாணின் விளிம்பு மங்கலாகத்தான் தெரியும். விட்டு விட்டு மின்னும் அந்த விளக்கில்தான் அது அதிரும் விதமும், எந்த இடத்தில் ஒட்டாமல் நிற்கிறது என்பதும் தெரியும்.